மீன் விடும் மங்கள நிகழ்வு தொடங்கிய கதை

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலர்க் குழு போன கிழமை என்னைத் தொலைபேசியில் பிடித்தது. கோடை ஒன்றுகூடலில் வருடாவருடம் நடக்கும் 'மீன் விடும் மங்கள நிகழ்வு' பற்றி நான் கட்டுரை எழுதித் தரவேண்டுமாம்.

"எங்கட முன்னோர் வழி வந்த பாரம்பரியம் அண்ணை. அதின்ரை வரலாறு உங்களுக்குத்தான் வடிவாத் தெரியும் எண்டு எல்லாரும் சொல்லுகினம்," என்றார் மலர்க் குழுச் செயலாளர். கட்டுரையோடு கோட் போட்ட படம் ஒன்றும் வேண்டும் என்றார். என்னிடம் கோட் இல்லை. மழைக்கோட் இருக்கிறது.

வரலாறு எனக்கு வடிவாகத் தெரியும்தான். அந்தப் பாரம்பரியத்தை ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, வெயிலில் நின்று வியர்த்துக்கொண்டு உண்டாக்கியவர்களில் நான் ஒருவன். முன்னோர் எவரும் அப்போது பக்கத்தில் இருக்கவில்லை.

இப்போது ஏன் கேட்கிறார்கள் என்றும் தெரியும். மீன்பிடிப் போட்டிகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் பிடித்த மீனை உயிரோடு கரைக்குக் கொண்டுவந்து, நிறுத்து, பிறகு ஏரியில் விடுவோம். இப்போது படகிலேயே அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். மீனுக்கு நல்லது. செயற்குழுவுக்குத்தான் தலையிடி. கரைக்கு மீன் வராவிட்டால் மங்கள நிகழ்வில் எதை விடுவது? கடையில் தங்கமீன் வாங்கி விடலாம் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். கடைமீனை ஏரியில் விட்டால் தண்டம் அடிப்பார்கள் என்றேன். "எவ்வளவு வரும்?" என்று கேட்டார்கள்.

என் தொழில் என்னவென்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். மீன் பிடிக்க வரும் ஆட்களைப் படகில் ஏற்றி, மீன் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், அவர்கள் பிடிக்கும்வரை காத்திருந்து, பிடித்த மீனை அவர்களைக்கொண்டே உயிரோடு விடச்செய்து, எல்லோரையும் நனையாமல் கரைசேர்ப்பது. இருபது கோடைகளுக்கு மேல் இதற்குச் சம்பளம் தந்தார்கள். இதைவிட விசர் வேலை உலகத்தில் இருந்தால் எனக்கு அறிவியுங்கள். முழங்கால் சம்மதித்தால் விண்ணப்பிப்பேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்றும் சொல்லலாம், அதன் கூரை போய்விட்டது. பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜ், பெயரை ஒழுங்காக உச்சரிக்க வராத ஒரு நாட்டில் ஒரு மழைக்காலம், இத்தாலியில் தக்காளி, ஜெர்மனியில் முகாம், கடைசியாக மொன்றியல். மொன்றியல்-நோரில் ஒரு அறையில் பலபேர் இருந்தோம். கட்டிலுக்கும் ஷிஃப்ட். கோப்பை கழுவினேன், கோழி பிடித்தேன், வீடுவீடாக விளம்பரத் தாள் போட்டேன். ஒரு வேலையிலும் இரண்டாவது குளிர்காலத்தைப் பார்த்ததில்லை. ஒன்றில் அவர்கள் என்னை நிறுத்துவார்கள், அல்லது நான் அவர்களை நிறுத்துவேன்.

அப்படி ஒன்று முடிந்த நாளில், போக இடமில்லாமல், சூடாக இருந்த காரணத்துக்காக ஒரு பஸ்ஸில் கடைசித் தரிப்புவரை உட்கார்ந்திருந்தேன். இறங்கினால் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. ஏப்ரல் மாதம், ஏரியில் பனிக்கட்டி உடைந்து மிதக்கிறது. படகுத்துறை ஒன்றில் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் தனியாக ஒரு படகை இழுத்துக்கொண்டிருந்தார். மற்றத் தலைப்பை நான் பிடித்தேன். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன்.

"தீவு அல்லவா? அப்படியென்றால் மீன்பிடி தெரியும்," என்றார்.

எங்கள் ஊரில் கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. "ஓம்" என்றேன். இதுதான் என் நேர்முகத் தேர்வு, தொழிற்பயிற்சி, பட்டமளிப்பு எல்லாம்.

அவர்தான் மதாம் ஜொஸ்லின். துறையும் படகுகளும் அவருடையவை. கழுத்தில் ஒரு கயிற்றில் வெப்பமானி தொங்கும். தாலி மாதிரி என்று நினைத்தேன். தாலியைக்கூட நம்மவர்கள் அவ்வளவு தரம் தொட்டுப்பார்ப்பதில்லை. நாள் முழுவதும் அதைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுப் பார்ப்பார். சத்தம் போடமாட்டார். ஒன்றை இரண்டாம் தரம் சொல்லமாட்டார். திருப்தி என்றால் பிரெஞ்சில் "போன்", அதாவது நல்லது, என்பார். கோபம் என்றாலும் "போன்" என்பார். எது எது என்று பிரித்தறிய எனக்கு மூன்று கோடை பிடித்தது. மனிதர்களோடு கதைப்பதைவிட மீன்களோடு மரியாதையாகக் கதைப்பார். "மன்னிக்கவேண்டும் ஐயா, ஒரு நிமிடம்தான்," என்று மீனிடம் சொல்லிவிட்டுத் தூண்டில் முள்ளைக் கழற்றுவார். அதே மூச்சில் என்னைப் பார்த்து, "ஏய், இடுக்கி எங்கே?" என்பார்.

நாங்கள் தேடிப்போகும் மீன் பெருவாய்ப் பாஸ். பச்சை முதுகு, பக்கத்தில் கறுப்புக் கோடு, வாயைத் திறந்தால் ஒரு தோடம்பழம் போகும். மே மாதத்தில் ஆண் மீன் கரையோரம் தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் வாலால் அடித்து அடித்து மணலைத் துப்புரவாக்கி, கோப்பை மாதிரி வட்டமாக ஒரு கூடு செய்யும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். பிறகு தகப்பன் சாப்பிடாமல் காவல் நிற்கும். அந்த நேரத்தில் அதைப் பிடித்துத் தூக்கினால், படம் எடுத்துவிட்டு விடுவதற்குள் சின்ன மீன்கள் வந்து முட்டையைத் துடைத்துவிட்டுப் போய்விடும். அதனால் ஜூன் பாதி கழியும்வரை அந்த மீனைத் தொடக்கூடாது என்று சட்டம். மே மாதத்தில் எனக்கு வேலை படகுக்குப் பெயின்ற் அடிப்பதும், "இன்னும் இல்லை" என்று இரண்டு மொழியிலும் சொல்வதும்தான். எங்கள் ஆட்கள் வந்தால் மூன்று மொழி.

ஜூலையில் நீர்க்களை வளர்ந்து மீன் அதன் நிழலுக்குள் போய்விடும். ரப்பர்த் தவளையைக் களைக்கு மேலே துள்ளவிட வேண்டும். செப்டெம்பரில் ஆழத்துக்கு இறங்கும், கொழுக்கும். பிறகு பனி. எனக்கு வேலையில்லாதோர் காப்புறுதி.

நடைமுறை இதுதான். மீனைத் தொடுமுன் கையை நனைக்கவேண்டும். காய்ந்த கை பட்டால் மீன் மேலுள்ள வழுவழுப்புப் போய்விடும், பிறகு அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மதாம் காலையில் போன்ஜூர் என்ற வணக்கத்துக்குப் பதிலாக "கை" என்றுதான் சொல்வார். காட்டவேண்டும். வெயில் களிம்பு பூசிய கைக்கு அன்றைக்கு வேலை இல்லை. மீனின் கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்து, மற்றக் கையை வயிற்றின் கீழ் கொடுத்து, அணைத்துத் தூக்கவேண்டும். களைத்த மீனை எறியக்கூடாது. தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். எதுவரை? மதாம் இதற்கு மட்டும் ஒரு முழு வசனம் செலவழித்தார்.

"அவர் உன் கட்டைவிரலைக் கடிக்கும்வரை. கடித்தால் பலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முதல் விட்டால் நீ அவரை விடவில்லை, போட்டுவிட்டாய்."

பாஸ் மீனின் பல் அரத்தாள் மாதிரி. ஒரு கோடை முடியும்போது என் கட்டைவிரலில் ரேகை இருக்காது. அகதி வழக்கில் விரலடையாளம் எடுத்த காலத்தில் இந்த வேலை கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வாடிக்கையாளரில் இந்த விடயத்தை விளங்கிக்கொள்ள மிகக் கஷ்டப்பட்டவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

"பிடிச்சிட்டு விடுறதோ? அப்ப ஏன் அண்ணை பிடிக்கிறது?"

"விளையாட்டுத் தம்பி."

"ஆருக்கு?"

கையை நனைக்கச் சொன்னேன்.

இப்போது சங்கத் தலைவர் வருகிறார். அந்தக் காலத்தில் குணநாயகம் தலைவராக இருந்தார். வீடு விற்றுக்கொடுக்கும் தொழில், டொலார்ட்டில் பெரிய வீடு, யாரைக் கண்டாலும் அவருடைய வீட்டுக்கு எவ்வளவு விலை வரும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுவார். சங்க ஒன்றுகூடலில் அதுவரை கயிறு இழுத்தலும் சங்கீதக் கதிரையும் தேசிக்காய் ஓட்டமும்தான். அவருக்கு ஒரு புதுமை தேவைப்பட்டது. தமிழர் பாஸ் மீன்பிடிப் போட்டி. ரொறன்ரோவில் இருந்து ஒரு பெரிய வர்த்தகரைப் பிரதம விருந்தினராக அழைப்பது. அவர் கையால் மீனை நிறுத்து, எடையை அறிவித்து, முதல் பரிசாக ஒரு தங்கப் பவுண் காசும் வெற்றிக் கிண்ணமும் கொடுப்பது.

மதாமிடம் கேட்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். மதாம் ஒரே ஒரு விடயம்தான் விசாரித்தார். படகுகள் இரண்டு மணிக்குத் துறைக்கு வரும், உடனே நிறுத்து உடனே விடவேண்டும். நேரத்துக்கு நடக்குமா?

"ரெண்டெண்டா ரெண்டுதான். எங்கட ஆக்கள் நேரத்தில வலு கண்டிப்பு எண்டு சொல்லுங்கோ," என்றார் குணநாயகம்.

ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தக் கருத்தைச் சேர்க்கக்கூடாது அல்லவா.

மதாமுக்கு இதில் என்ன ஆபத்து என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய துறை ஓடியதே இலையுதிர் காலப் பெரிய போட்டிகளால்தான். போட்டி நடத்த மாகாண அரசின் அனுமதி வேண்டும். மீன் செத்தால் அனுமதி போய்விடும். அனுமதி போனால், பக்கத்து வெள்ளைப் பாய்மரப் படகுக்காரர்கள் அந்தக் கரையை வாங்கிச் சாப்பாட்டுக்கடை போடத் தயாராக நின்றார்கள். போட்டி நாளில் காட்டுயிர் அதிகாரி ஒருவர் வந்து நின்று பார்ப்பார்.

அன்றைக்கு வந்தவர் ஒரு இளம் பெண். இடுப்புப் பட்டியில் நிறையச் சாமான்கள், முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லை. எங்கள் பெண்கள் அவர் கையில் உடனே ஒரு ரோல்ஸைக் கொடுத்தார்கள். உறைப்பா என்று கேட்டார். இல்லை என்றார்கள். பொய். கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

காலைப்பொழுது நன்றாகத்தான் போனது. அந்த நாளின் மிகப் பெரிய மீனைப் பிடித்தவர் பிலோமினா அக்கா. மன்னார்க்காரி, ஒரு கார்டெரியில் பிள்ளைகள் பராமரிக்கிறார். தகப்பன், சகோதரர், மாமன், மச்சான் எல்லோரும் கடற்றொழில். அங்கே பெண்களைப் படகில் ஏற்றுவதில்லை என்பதால் அக்கா தூண்டிலைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. மீன் இழுத்தபோது மாதாவைக் கூப்பிட்டார், என்னைத் திட்டினார், விடாமல் சுற்றினார். மேலே வந்ததும் நனைந்த கையால் தடவிப்பார்த்து, "உதைச் சொதி வைச்சா ஒரு வீட்டுச்சனத்துக்குக் காணும்," என்றார்.

"அக்கா, விடுற மீன்."

"தெரியுமப்பா. சும்மா ஒரு கதைக்குச் சொன்னன்."

இரண்டு மணிக்குப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. அதாவது மீன்கள் நேரத்துக்கு வந்துவிட்டன. கரையில் ஒரு பெரிய நீலத் தொட்டி. ஏரித் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குழாய் போட்டு, மீன்களை அதற்குள் இறக்கினோம். முப்பது மீன் இருக்கும். வழக்கத்தில் ஒரு மீன் அதற்குள் தேத்தண்ணி ஆறும் நேரம்கூட இருக்காது. தராசைத் தூக்கிக்கொண்டு போனேன்.

குணநாயகம் மறித்தார். "பொறுங்கோ பொறுங்கோ. பிரதம விருந்தினர்தான் நிறுக்கவேணும். நிகழ்ச்சி நிரலில இருக்கு."

"அவர் எங்கை?"

"கோர்ன்வால் தாண்டிட்டார்."

கோர்ன்வாலில் இருந்து மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். அதுவே மீனுக்கு அதிகம். மதாம் வெப்பமானியைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தார். உதறிவிட்டு மறுபடியும் விட்டார்.

விருந்தினர் வரும்வரை சும்மா இருக்கக்கூடாது என்று விழாவைத் தொடங்கினார்கள். விளக்கேற்றல். ஏரிக்காற்றில் ஒரு திரி ஏற்ற மற்றத் திரி அணையும். ஐந்து பிரமுகர்கள், ஒரு லைட்டர். கனடா கீதம் இரண்டு மொழியில். தமிழ் வாழ்த்து. அகவணக்கம். ஐயரின் ஆசி, பாதரின் ஆசி. போனமுறை பாதர் முதலில் பேசிவிட்டார் என்பதால் இம்முறை ஐயர், அந்த விளக்கத்தையும் மைக்கில் சொன்னார்கள். பிறகு வரவேற்புரை. வரவேற்புரையில் பிரதம விருந்தினரின் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த மற்றப் பெரியவர்கள்.

குணநாயகத்தின் கைத்தொலைபேசி அடித்தது. அருகில் நின்ற எனக்குக் கேட்டது. "ஓம் ஐயா... எங்கை? ப்ரொக்வில்லோ? ஓம் ஓம், ஆறுதலா வாங்கோ. நாங்கள் இன்னும் தொடங்கேல்லை."

ப்ரொக்வில் கோர்ன்வாலுக்கும் அங்கால், ரொறன்ரோப் பக்கமாக இருக்கிறது. இவர் வாயால் தாண்டிய கோர்ன்வாலை அவர் இன்னும் கண்டிருக்கவில்லை.

தொட்டியில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐஸ் கேட்டுப் போனேன். குளிர்ப்பெட்டிக்குப் பொறுப்பானவர், "அது பிரதம விருந்தினரின்ரை இளநிக்கு வைச்சது," என்றார். பெண்கள் இரண்டு பையை அவருக்குத் தெரியாமல் தந்தார்கள். பையை உடைக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டோம். அந்த வெயிலுக்கு அது என்ன செய்யும்.

அதிகாரி ரோல்ஸை வைத்துவிட்டு வந்து எட்டிப்பார்த்தார். மதாமிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒன்று செத்தால் நடப்பதுதான் என்று விடுவேன். இரண்டாவது என்றால் நான் அறிக்கை எழுதவேண்டிவரும். உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றார் மதாம்.

பிறகு கழுத்தில் இருந்த வெப்பமானியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். "இவர்கள் உன் ஆட்கள்."

அவ்வளவுதான். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த ஒரே மாலை அது.

என் ஆட்களைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். தொடங்கிய விழாவை எங்களால் நிறுத்த முடியாது. மின்சாரம் போனாலும் நடக்கும், மழை பெய்தாலும் நடக்கும், சபையில் எவரும் இல்லாவிட்டாலும் நன்றியுரை நடக்கும். ஆனால் அதற்குள் இன்னொரு நிகழ்ச்சியைச் செருகலாம். எங்களில் ஒருவரும் அதற்கு மறுப்புச் சொன்னதாக நான் அறியவில்லை.

மைக்கில் நின்றவர் ரவி. உள்ளூர் வானொலியில் மரண அறிவித்தல் வாசித்த குரல். கல்யாண வீட்டிலும் அதே குரல்தான்.

"ரவி, கெதியா ஒரு நிகழ்ச்சி சேர்க்கவேணும்."

"நிரலில இல்லையே அண்ணை."

"நிரலில இல்லாட்டித்தானே சிறப்பு நிகழ்ச்சி."

அவர் முகம் மலர்ந்தது. "என்ன பேர்?"

"மீனை விடுறது."

"சீ, அப்பிடிச் சொன்னா ஆர் எழும்பி வருவினம்?" கண்ணை மூடி ஒரு கணம் யோசித்தார். பிறகு மைக்கைத் தட்டினார். "அன்பார்ந்த பெரியோர்களே! அடுத்து இடம்பெற இருப்பது, மீன் விடும்... மங்கள நிகழ்வு!"

சபை கைதட்டியது. எதற்கென்று தெரியாமல் கைதட்டுவதில் எங்களுக்கு நல்ல பயிற்சி.

குணநாயகம் பாய்ந்து வந்தார். "என்ன நடக்குது இஞ்சை? பிரதம விருந்தினர்..." அவர் வசனத்தை முடிக்கவில்லை. ரவியின் குரல் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. "முதலாவது மீனை விட்டு நிகழ்வை ஆரம்பித்து வைக்குமாறு, எமது சங்கத்தின் செயல்வீரர், தலைவர் குணநாயகம் அவர்களை அன்போடு அழைக்கிறோம்!"

மைக்கில் தன் பெயர் சொன்னால் எழும்பாத தலைவரை நான் இதுவரை கண்டதில்லை. சேட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

தண்ணீரோரம் மதாம் நின்றார். "கை," என்றார். நான் மொழிபெயர்த்தேன். குணநாயகம் விரல்நுனியை நனைத்தார். மீனை வாங்கி, ஏரிக்கு முதுகைக் காட்டி, படப்பிடிப்பாளரைப் பார்த்துச் சிரித்தார். "படம் விழுந்ததே? இன்னொருக்கா. இதில வெயில் அடிக்குது, இந்தப் பக்கமா இன்னொருக்கா." மீன் அவர் கையில் வாலை அடித்தது, பிறகு அடிக்கவில்லை. ஒருமாதிரித் தண்ணீரில் வைத்தார். அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அதிகாரி சின்ன வலையால் அதை எடுத்தார்.

ஒன்று.

அடுத்து ஐயரும் பாதரும். யாரை முதலில் கூப்பிடுவது என்று ரவி தடுமாறியது ஒரு கணம்தான். இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு, "மூன்று எண்ணியதும்" என்றார். இரண்டு மீனும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன. எந்தச் சமயத்துக்கும் குறை வரவில்லை. பிறகு முன்னாள் தலைவர்கள். எங்கள் சங்கம் இரண்டு தடவை உடைந்து ஒட்டியது, அதனால் முன்னாள் தலைவர்களுக்குப் பஞ்சமில்லை. சங்கம் உடைந்ததால் ஒரு நன்மை விளைந்தது என்றால் அது அன்றைக்குத்தான். பிறகு புரவலர்கள், போஷகர்கள், விளையாட்டுத்துறைச் செயலாளர், உதவி விளையாட்டுத்துறைச் செயலாளர். மதாம் ஒவ்வொருவரிடமும் "கை" என்றார். காய்ந்த கையோடு வந்த பொருளாளரைத் திருப்பி அனுப்பினார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவர் கையைப் பார்த்திருக்கிறார். பட்டுவேட்டிகள் முழங்காலுக்கு மேலே ஏறின. விடப்பட்ட மீனுக்குப் பின்னால் சிலர் கைகூப்பினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பட்டியலில் ஆட்கள் முடியும்போது தொட்டியில் ஒரு மீன்தான் மிஞ்சியது. பிலோமினா அக்காவின் மீன். பெரிய மீனைத்தான் முதலில் விட்டிருக்கவேண்டும், பெரிசுக்குத்தான் மூச்சு முதலில் முட்டும். ஆனால் பரிசு மீன் என்று ஒருவரும் தொடவில்லை. அது பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. செவுள் எப்போதாவது ஒருதரம் அசைந்தது.

ரவி அக்காவின் பெயரைச் சொன்னார். அக்கா தொட்டியருகே வந்து என்னைக் கேட்டார்.

"நிறுக்காமல் விட்டா பவுண்?"

"பவுண் இல்லை அக்கா."

"நிறுக்குமட்டும் வைச்சிருந்தா?"

"மீன் இல்லை."

அவர் எட்டிப்பார்த்தார். "எங்கட கார்டெரியில ஒரு பிள்ளை உப்பிடிக் கிடந்தா அம்புலன்ஸ் கூப்பிடுவம். இஞ்சை வரவேற்புரை வாசிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாங்கள்," என்றார். செருப்பைக் கழற்றினார். கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டார். "தூக்குங்கோ அண்ணை."

இருவரும் மீனைக் கொண்டுபோய் ஏரிக்குள் இறங்கினோம். மதாமும் இறங்கினார். அக்காவின் கட்டைவிரலை மீனின் கீழ்த்தாடையில் வைத்து, மற்றக் கையை வயிற்றின் கீழ் வைத்துக் காட்டினார். மீனை நிமிர்த்திப் பிடித்தார்கள். கையை எடுத்தால் சாயும். மறுபடி நிமிர்த்தினார்கள். சாய்ந்தது.

அப்போதுதான் பிரதம விருந்தினரின் கறுப்புக் கார் வந்து நின்றது.

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் முழங்கியது. கரையில் நின்ற கூட்டம் மொத்தமாகத் திரும்பி ஓடியது. மாலை, பொன்னாடை, இளநீர். வரவேற்புரை மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கியது, முதல்தரம் அவர் கேட்கவில்லையே. தண்ணீருக்குள் நாங்கள் மூன்று பேர், கரையில் அதிகாரி. அவர் ரோல்ஸ் சாப்பிடவில்லை. செத்த முதல் மீன் அவர் காலடியில் வாளிக்குள் கிடந்தது.

"எவ்வளவு நேரம் பிடிக்கிறது?" என்று அக்கா கேட்டார்.

"கடிக்குமட்டும்."

"கடிக்குமோ? இதுக்குச் சீவனே இல்லையே."

மதாம் மீனின் காதருகே குனிந்து, அதற்குக் காது எங்கே என்று எனக்குத் தெரியாது, மெல்ல என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் இருபது கோடையில் பார்த்த எந்த மீனைவிடவும் இந்த மீன் முக்கியமானது என்று அவர் குரலில் தெரிந்தது. அது அக்காவின் பரிசு மட்டுமல்ல. இலையுதிர்காலப் போட்டிகள், படகுகள், கரை, நான், எல்லாம் அந்த ஒரு வாய்க்குள் இருந்தன. பின்னால் ஒலிபெருக்கியில், பிரதம விருந்தினர் பாடசாலைக் காலத்திலேயே ஓட்டப்போட்டியில் வென்ற செய்தி வந்துகொண்டிருந்தது. ஓட்டத்தில் வென்றவர்தான் இன்றைக்கு இவ்வளவு பிந்தி வந்திருக்கிறார்.

செவுள் ஒருதரம் அசைந்தது. நின்றது. இன்னொருதரம். அக்கா உதட்டுக்குள் செபம் சொல்லத் தொடங்கினார். மீனின் முதுகுத் துடுப்பு மெல்ல விரிந்தது. மதாம் வயிற்றின் கீழிருந்த தன் கையை எடுத்தார். மீன் சாயவில்லை.

"ஐயோ, கடிக்குது!"

"விடுங்கோ அக்கா!"

"நான் விட்டிட்டன், அதெல்லோ விடுகுதில்லை!"

பிறகு வால் ஒரே அடி. எங்கள் மூன்று பேர் முகத்திலும் தண்ணீர். கண்ணைத் துடைத்துப் பார்த்தால் களைக்குள் ஒரு நெளிவு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மதாம் என் கழுத்திலிருந்து வெப்பமானியைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "போன்," என்றார். இது எந்தப் போன் என்று எனக்குத் தெரிந்தது.

அதிகாரி வாளிக்குள் பார்த்தார். "ஒன்று," என்றார். பிறகு அந்த ரோல்ஸ் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். இலையுதிர்காலப் போட்டிகள் நடந்தன. மதாம் முதுமையில் தன் இஷ்டப்படி துறையைத் தங்கையின் மகளுக்குக் கொடுத்தார். பாய்மரக்காரர்கள் இன்னும் பக்கத்தில்தான் காத்திருக்கிறார்கள்.

மேடைக்கு நாங்கள் நனைந்தபடி போனபோது, பிரதம விருந்தினர் தராசுக்கு முன்னால் நின்று, "எங்கை மீன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். குணநாயகம் ஒரு நொடிதான் தடுமாறினார்.

"மங்கள நிகழ்வில விட்டிட்டம் ஐயா. அது எங்கட முன்னோர் வழி வந்த பாரம்பரியம்."

பிரதம விருந்தினர் தலையாட்டினார். நெகிழ்ந்துபோய் உரையில் அதைப்பற்றியே பேசினார். தான் சிறுவயதில் இப்படிப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். பாரம்பரியம் பிறந்து தேத்தண்ணி ஆறவில்லை, அதற்குள் அதற்கு ஒரு சாட்சி. நிறுத்த மீன் ஒன்றும் இல்லாததால் பவுண் காசைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். அது குணநாயகத்தின் மச்சானுக்கு விழுந்தது. வெற்றிக் கிண்ணத்தைப் பிரதம விருந்தினருக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். ரொறன்ரோவில் அவர் வரவேற்பறையில் 'சிறந்த மீன்பிடியாளர்' என்று எழுதிய கிண்ணம் இருக்கிறதாம்.

பிலோமினா அக்காவுக்குக் கட்டைவிரலில் தோல் உரிந்தது. அதைத்தான் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோருக்கும் காட்டினாராம். அந்தக் காயம் ஆறிப் பல வருடம். மீன் மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. போன வருடம் கேட்டபோது எங்கள் படகின் பாதி நீளம் இருந்தது.

மலர்க் குழுவினரே, வரலாறு இவ்வளவுதான். இனி மங்கள நிகழ்வில் எதை விடுவது என்ற உங்கள் பிரச்சினைக்கும் என்னிடம் ஒரு வழி உண்டு. அந்த நீலத் தொட்டி இப்போது என் வீட்டுப் பின்வளவில் கிடக்கிறது. கழுவித் தருகிறேன். ஜூலை வெயிலில், ஏரித் தண்ணீர் நிரப்பி, பேச்சாளர்கள் அதற்குள் இறங்கி நின்று பேசட்டும். வெப்பமானிக்கு நான் பொறுப்பு. ஐஸ் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள், அது பிரதம விருந்தினருடைய இளநீருக்கு. சாய்ந்தவர்களைப் பிலோமினா அக்கா தாடையில் பிடித்து நிமிர்த்துவார். கட்டைவிரலைக் கடித்தால் விட்டுவிடுவோம்.